இரண்டு பனி

பாலக்காட்டின் பழைய கல்பாத்தியில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. தாத்தா காலத்தில் நெல் பத்தாயம் இருந்த இடம். பதினைந்து வருஷமாக அங்கேதான் ஆட்களைப் பார்க்கிறேன். வாசலில் ஒரு பலகை. என் பெயர், கீழே 'மருத்துவ உளவியலாளர்', அதற்கும் கீழே ஓர் எண். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்.சி.ஐ.) மையப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இருக்கும் எண் அது. பிஎச்.டி. முடித்த வருஷம் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று சேர்த்தேன். தெரு முழுக்க அதைக் கவனித்தது. மறுவாரமே மேலண்டைத் தெருவிலிருந்து ஒரு மாமா ரத்த அழுத்தச் சீட்டோடு வந்தார். நான் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை என்று சொன்னேன். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை. மாமி மூன்று வருஷமாக ராத்திரி தூங்குவதில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்த மாமா பலகையில் இருந்த எண்ணைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் யாருமே அதைப் பற்றிக் கேட்டதில்லை. மாமியின் தூக்கத்தைப் பற்றி என்னோடு பேசலாமா கூடாதா என்பதற்கு அந்த எண்தான் பதில்.

மே, ஜூன் வந்தால் மேலே என்ன படிப்பது என்று கேட்கப் பிள்ளைகள் வருவார்கள். ஐப்பசித் தேருக்கு ஊர் திரும்பும் குடும்பங்களிலிருந்தும் வருவார்கள், யானை முட்டித் தேர் நகர்வதைப் பார்த்துவிட்டு நேரே இங்கே. எல்லோரிடமும் ஒரே கேள்வி. போன வருஷம் சாத்தபுரத்திலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். எம்.எஸ்ஸி. உளவியல் முடித்திருந்தாள்.

"மாமி, இனி பிஎச்.டி. பண்ணினாப் போருமோல்லியோ? அப்பறம் பேஷன்ட் பாக்கலாமே?"

அவளுக்கு முந்திக்கொண்டு அவள் அம்மா சொன்னாள்: "பேருக்கு முன்னாடி டாக்டர்னு வந்தாப் போரும். எதுவானா என்ன?"

எதுவானால் என்ன என்று விட்டுவிட முடியாது. நம் நாட்டில் உளவியலில் பிஎச்.டி. வாங்கியவர் கல்லூரியில் கற்பிக்கலாம், ஆய்வு செய்யலாம். அந்தப் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட முடியாது. 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி அதற்கு ஆர்.சி.ஐ. அங்கீகரித்த பயிற்சி வேண்டும், பதிவு வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது ஆர்.சி.ஐ. ஒப்புதலையும் மேற்பார்வையோடு பெற்ற மருத்துவமனைப் பயிற்சியையும்தான் கேட்கிறது. ஆய்வேடு எத்தனை பக்கம் என்று கேட்கவில்லை.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி.டி. போவாஸ் உளவியல் துறையைத் தொடங்கினார். கல்கத்தாவிலும் மைசூரிலும் அதற்கு முன்பே துறைகள் வந்துவிட்டன. அங்கெல்லாம் உளவியல் என்பது தத்துவத்திலிருந்து பிரிந்துவந்த பல்கலைக்கழகப் படிப்பு. நோயாளியின் பக்கத்தில் உட்காரும் உளவியல் வேறு வாசல் வழியாக வந்தது. பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது, பின்னாளில் நிம்ஹான்ஸ் ஆனது அதுதான். மறு வருஷமே அங்கே மருத்துவ உளவியலில் ஒரு டிப்ளமோ தொடங்கினார்கள். 1978இல் அதன் பெயரை எம்.பில். என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் நோயாளியைப் பார்க்கும் உரிமை முனைவர் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டது, இங்கே அந்த இரண்டு வருஷ எம்.பில்.லோடு. அதனால்தான் நம் ஊரில் முனைவர் பட்டம் வாங்கியவருக்கு உரிமை இல்லாமலும், வாங்காதவருக்கு உரிமை இருக்கவும் நேர்கிறது.

இதெல்லாம் எனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. சென்னையில் எம்.ஏ. முடித்த கையோடு 2003இல் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். கல்லூரி மாணவர்களின் தன்மதிப்பும் அனுசரிப்பும் என்பது தலைப்பு. ஏன் அந்தத் தலைப்பு என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. கேள்வித்தாள் அச்சாகித் தயாராக இருந்தது, மாணவர்கள் வகுப்பில் இருந்தார்கள், அவ்வளவுதான். முந்நூறு பேரிடம் கொடுத்து வாங்கினேன். ஒருநாள் விடுதியில் உட்கார்ந்து விடைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது. தான் இந்த வருஷத்தைத் தாண்டமாட்டேன் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். தாளில் பெயர் கேட்கக்கூடாது என்பது ஆய்வு விதி, ஆகவே பெயர் இல்லை. எந்தக் கல்லூரி என்பது மட்டும் தெரியும். அந்தக் கல்லூரி ஆசிரியை ஒருவரிடம் ஓடினேன். அவர் வகுப்பு வகுப்பாகப் பேசினார், நானும் கூடப் போனேன். எழுதியவள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவள் முன்னால் உட்கார்ந்து என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. எம்.ஏ.யில் முதல் வகுப்பு, பிஎச்.டி.யில் ஒன்றரை வருஷம், அந்த ஒரு பெண்ணிடம் முதல் வாக்கியமாக என்ன சொல்வது என்று என்னிடம் இல்லை. அந்தப் பதிவை விட்டேன். வீட்டில் யாரும் திட்டவில்லை. அப்பா மட்டும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

எம்.பில். இடம் கிடைக்க இரண்டு தடவை நுழைவுத்தேர்வு எழுதினேன். கிடைத்த இடம் ஒரு பெரிய மனநல மருத்துவமனை. காலை எட்டு மணிக்கு வார்டு, பிறகு புறநோயாளிப் பிரிவு, சாயங்காலம் எழுதியதைக் கொண்டுபோய் மேற்பார்வையாளரிடம் கொடுப்பது. நோயாளி வரலாறு எத்தனை, சோதனை அறிக்கை எத்தனை, சிகிச்சை எத்தனை மணி நேரம் என்று ஒரு பதிவேடு, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து. முதல் மாதம் பதினான்கு பக்கத்தில் ஒரு வரலாறு எழுதிக் கொடுத்தேன். என் மேற்பார்வையாளர் முழுவதும் படித்துவிட்டு, "அவர் உன்கிட்ட பேசும்போது அவர் சம்சாரம் எங்கே உக்காந்திருந்தா?" என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை. "போய்ப் பாத்துட்டு வா" என்றார். திரும்பிப் போனேன். அந்த அம்மாள் கதவுக்கு வெளியே, கணவரின் குரல் மட்டும் கேட்கும் தூரத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேசிய பிறகு என் பதினான்கு பக்கத்தில் பாதியைத் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

இந்தப் பயிற்சியைத் தனியாகப் படித்துப் பெற முடியாது. இன்னொருவர் பக்கத்தில் இருந்து, நாம் பார்க்கத் தவறியதைக் காட்டித் தரவேண்டும். நல்ல பிஎச்.டி. நெறியாளரும் காட்டித் தருவார், ஆனால் அவர் பார்ப்பது நம் தரவுகளை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு ஆய்வாளர்வரை வைத்துக்கொள்ளலாம். இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நாலு பேர். எட்டுப் பேரில் ஒருத்தியாக இருந்து எண்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு மனிதர் அழும்போது எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்பதை அங்கே கற்க முடியாது.

2008இல் முடித்துவிட்டுச் சில மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். அம்மாவுக்குத் தள்ளாமை வந்ததும் ஊர் திரும்பினேன். ஒரு பக்கம் பாலக்காட்டில் வேலை, சாயங்காலம் வீட்டுத் திண்ணை. கல்பாத்தி வயதானவர்களின் ஊர். பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் நியூஜெர்சியிலும். இருட்டின பிறகு தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் ஒரு விளக்கு, ஒரு விளக்குக்கு ஒரு மாமி. வருகிறவர்களில் பாதிப்பேர் ஞாபக மறதிக்காக வந்தார்கள். பிள்ளைகள்தான் தொலைபேசியில் சொல்லி அனுப்புவார்கள். "அம்மா ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்றா, என்னன்னு பாருங்கோ."

எண்பது வயது தாண்டிய ஒரு மாமி வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கூட்டிவந்தாள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில், ஞாபக மறதியைச் சோதிக்கும் ஆடன்புரூக் சோதனையை மலையாளத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தச் சோதனையைக் கேம்பிரிட்ஜில் வடிவமைத்து 2000இல் வெளியிட்டவர்களில் முதல் பெயர் பி.எஸ். மதுரநாத். மலையாள வடிவத்தை 2004இல் வெளியிட்டதும் அவர் குழுதான். நம் மக்களுக்கென்று பொறுப்போடு செய்த வேலை. நான் அதன் முறையைப் பின்பற்றித்தான் ஆரம்பித்தேன். மாமியோ பிறந்ததிலிருந்து வீட்டில் பேசுவது பாலக்காட்டுத் தமிழ். பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்து மலையாளம். தங்கைக்குத் தமிழில் கடிதம் எழுதுவார், மலையாள எழுத்தில். சஹஸ்ரநாமம் சமஸ்கிருதத்தில். எந்த மொழியில் கேட்பது? நீங்கள் பேசுகிறபடியே பேசுங்கள் என்றேன்.

ஓர் எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிஷத்தில் முடிந்தவரை சொல்லச் சொல்வது சோதனையில் ஒரு பகுதி. மாமி மளமளவென்று சொன்னார். பப்படம், பருப்பு, பத்தாயம், பசு, பனி, பாத்திரம், புழை, பலகாரம், பனி. நிமிஷம் முடிந்தது. சொன்னதையே திருப்பிச் சொன்னால் அதை எண்ணக்கூடாது. அது மட்டுமில்லை, திரும்ப வருவதே ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொள்ளப்படும். இரண்டாவது பனியை அடித்தேன். கூட்டிப் பார்த்தால் எல்லைக்கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே வந்தது.

என் முகம் மாறியதோ என்னவோ. மாமி கேட்டார்: "எதுக்குடி அதை அடிச்சே?"

"பனி ரெண்டு தடவை வந்துது மாமி."

"ரெண்டும் ஒண்ணா? மார்கழியில் விடியக்காலம் கோலம் போடறச்சே தலையில எறங்கறதே, அது ஒரு பனி. ஒடம்பு சுட்டுண்டு கெடக்கறோமே, அது வேற பனி."

முதலாவது தமிழ்ப் பனி. இரண்டாவது மலையாளப் பனி, காய்ச்சல். இரண்டு மொழியிலும் நின்றுகொண்டு இரண்டு வெவ்வேறு சொற்களை அவர் எடுத்துத் தந்திருக்கிறார். நான் அதை மூளைத் தேய்மானத்தின் அடையாளமாக எழுதினேன். மதிப்பெண்ணைத் திருத்தினேன், எல்லைக்கோட்டில் வந்து நின்றது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தேன், அப்படியே இருந்தார். மறதிக்குக் காரணம் தைராய்டு என்று மருத்துவர் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்.

மாமியின் பனியை அடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதுவரை எத்தனை பேருடைய பனியை அடித்திருப்பேன்? பழைய அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பட்டி, பறை, வெள்ளம் என்று அங்கங்கே. எல்லைப்புறத்தில் வாழ்கிறவர்களின் மொழிக்கு இரண்டு பக்கத்து அளவுகோலும் ஒட்டவில்லை. வடக்கே, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்று ஹரியானாவின் பல்லப்கரில் ஒரு சோதனையை மாற்றி அமைத்து 1995இல் வெளியிட்டிருந்தார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தபோது, இதுதான் என் வேலை என்று பட்டது. இங்கே, இந்தத் தெருக்களில், இரண்டு மொழியில் நினைக்கிற முதியவர்களின் பிழை எது, பிழை இல்லாதது எது? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தேடியும் கிடைக்காத தலைப்பு, கேட்காமலே திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

2012இல் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். ஆறு வருஷம் ஆயிற்று. பழைய கல்பாத்தி, புதுக்கல்பாத்தி, கோவிந்தராஜபுரம், சாத்தபுரம் என்று வீடு வீடாகப் போனேன். அம்மா படுத்த படுக்கையான எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒருநாள்கூட ஏன் செய்கிறோம் என்ற கேள்வி வரவில்லை. முதல் பதிவின்போது தினமும் வந்த கேள்வி அது.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்வேன்: உனக்குக் கேள்வி இருந்தால் பிஎச்.டி.க்குப் போ. கேள்வி இல்லாமல் ஆள்களைப் பார்க்கும் ஆசை இருந்தால் பயிற்சிக்குப் போ. இரண்டும் இருந்தால் முதலில் பயிற்சி. பேராசிரியர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆய்வு மனசு இளமையிலேயே பழக வேண்டும் என்பார்கள். குழந்தைகளின் நினைவாற்றல், பார்வைப் புலன், முடிவெடுத்தல் என்று சோதனைக்கூடத்தில் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு அவர்கள் சொல்வது சரி. அவர்களுக்கு வார்டு தேவையில்லை, நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு நிம்மதியாக ஆய்வு செய்யலாம். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ரகம் இல்லை. அவர்கள் ஆள்களைப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள், பட்டத்தின் பெயர்தான் அவர்களை வேறு வாசலுக்குக் கொண்டுபோகிறது.

சாத்தபுரத்துப் பெண் சை.டி. என்கிற பட்டத்தைப் பற்றியும் கேட்டாள். அவளுடைய பெரியப்பா பிள்ளை அமெரிக்காவில் அதைப் படிக்கிறானாம். 1949இல் கொலராடோவின் போல்டரில் கூடிய மாநாட்டில், மருத்துவ உளவியலாளர் என்றால் விஞ்ஞானியாகவும் சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும், பிஎச்.டி.யில் இரண்டும் அடங்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நடைமுறையில் ஆய்வுப் பக்கம்தான் கனத்தது. சிகிச்சைக்கென்றே ஒரு முனைவர் பட்டம் வேண்டும் என்று 1968இல் இல்லினாய் பல்கலைக்கழகம் சை.டி.யைத் தொடங்கியது. 1973இல் வெய்ல் (Vail) நகரில் கூடிய மாநாடு அதை ஏற்றது. பிரிட்டனில் மருத்துவ உளவியலுக்கு மூன்று வருஷ முனைவர் படிப்பு. அங்கே தேர்வாகிறவர்கள் தேசிய சுகாதாரச் சேவையில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள். நம் ஊரில் ஆர்.சி.ஐ. ஒப்புதலோடு முதுகலைக்குப் பிறகு நாலு வருஷ சை.டி. சில இடங்களில் இருக்கிறது. எதற்கான பட்டம் என்பதை மறைக்காத பட்டம் அது. எனக்குப் பிடித்திருக்கிறது. இடங்கள் கொஞ்சம், நாலு வருஷமும் முழுநேரம், தனியார் நிறுவனமானால் செலவு கடுமை. ஆனால் முனைவர் பட்டமும் பதிவு எண்ணும் ஒரே பாதையில் வேண்டும் என்கிறவளுக்கு இங்கே இருக்கும் நேர்வழி அதுதான்.

என் வழி இனி அவளுக்குக் கிடையாது. தேசியக் கல்விக் கொள்கை எம்.பில். வேண்டாம் என்றது, 2022 நவம்பரில் மானியக் குழு அதை நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுவரை சேர்க்கலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். ஆர்.சி.ஐ. இப்போது மருத்துவ உளவியலுக்கென்றே நாலு வருஷ பி.எஸ்ஸி.யும் இரண்டு வருஷ எம்.ஏ.வும் கொண்டுவந்திருக்கிறது. ஏற்கெனவே பொது உளவியல் படித்துவிட்டவர்களுக்குத்தான் தவிப்பு. நான் ஒன்றையே திரும்பச் சொல்வேன்: விளம்பரத்தைப் பார்க்காதே, ஆர்.சி.ஐ. பட்டியலை எடுத்து, அந்த நிறுவனம், அந்தப் படிப்பு, நீ சேரும் வருஷம் மூன்றும் பொருந்துகிறதா என்று பார். ஒப்புதல் காலாவதியாகும், புதுப்பிக்காமலும் இருக்கும்.

"டாக்டர்னு போட்டுக்கலாமோல்லியோ?" என்று அவள் அம்மா மறுபடி கேட்டாள். போட்டுக்கொள்ளலாம் என்றேன். அவளுக்கு அது வேண்டும். ஒரு தாய்க்கு அந்த ஆசை இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பெண்ணிடம் 2020 ஆகஸ்ட்டைப் பற்றிச் சொன்னேன். ஆறாம் தேதி ராத்திரி இடுக்கியில் மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்ட லயன்கள் புதைந்தன. 70 பேர் போனார்கள். தமிழ்க் குடும்பங்கள். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். நோய்த்தொற்றுக் காலம், போக வழியில்லை, தொலைபேசியில்தான் பேசினேன். ஒருவர் பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நானும் இருந்தேன். பிறகு, "நாளைக்கும் கூப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அன்று எனக்குக் கைகொடுத்தது அந்த வார்டில் கழிந்த இரண்டு வருஷம்.

அந்தப் பெண் சை.டி. நுழைவுக்குப் படிக்கிறாள். இடம் கிடைக்கும்வரை செவ்வாய்க்கிழமைகளில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். வருகிறவர்கள் சம்மதித்தால் மட்டும் என்றேன். சென்ற வாரம் ஒரு பெரியவர் வந்தார். தேனிப் பக்கத்தில் பிறந்து, இடுக்கித் தோட்டத்தில் வேலை பார்த்து, இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அவள் ஓரத்தில் உட்கார்ந்திருக்கச் சம்மதித்தார். மிருகங்களின் பெயர் சொல்லச் சொன்னேன். ஆடு, மாடு, நாய், யானை, காட்டெருமை என்று போய்க் கடைசியில் பட்டி என்றார்.

அவர் போன பிறகு, ஆற்றங்கரைப் பக்கம் நடக்கும்போது அவள் கேட்டாள்: "மாமி, நாய் முதல்லேயே வந்துடுத்து. பட்டின்னா மலையாளத்துல நாய்தானே? அப்போ அது திருப்பிச் சொன்னதா? இல்லே, ஆடு அடைக்கிற பட்டியை நெனச்சுண்டாரா?"

"அவர்கிட்டே கேட்டியா?"

"கேக்கலை."

"வர செவ்வாய்க்கிழமை வரார். கேளு."